வாசலில் ஒரு சோடிச் செருப்பு

சமாதான காலம் என்று சொல்லப்பட்ட அந்த நாட்களில், முதுகில் பெரிய பைகளுடன் மூன்று வெள்ளைக்காரப் பிள்ளைகள் மட்டக்களப்புக்கு வந்திருந்தார்கள். எனக்கு ஆங்கிலம் தெரியும் என்பதால் ஊர் காட்ட அழைத்தார்கள்.

"நானும் வாறன் அம்மா," என்று மகள் அடம்பிடித்தாள். அவளுக்குப் பதினைந்து வயது. சண்டைக்கென்று இயக்கத்துக்குப் பிள்ளை பிடிப்பார்கள் என்ற பயத்தில், பள்ளிக்கூடம் தவிர எங்கும் அவளை நான் விட்டதில்லை. வெள்ளைக்காரர் கூட இருந்தால் யாரும் தொடமாட்டார்கள் என்று துணிந்தேன்.

கோட்டை, சந்தை, கல்லடிப் பாலம், வெளிச்சவீடு என்று ஒரே நாளில் ஓடியோடிப் பார்த்தோம். அவர்களைப் போலவே அவளும் எல்லாவற்றையும் முதன்முதலாகப் பார்த்தாள்.

வாவியோரம் இளநீர் குடிக்கும்போது, ஊரில் உனக்குப் பிடித்த இடம் எது என்று ஒருத்தி கேட்டாள்.

"எங்கட அலுமாரிக்குப் பின்னால," என்றாள் மகள். "அங்க ஒளிச்சா ஒருத்தருக்கும் தெரியாது."

மொழிபெயர்த்துச் சொன்னேன். பகிடி என்று நினைத்து அவர்கள் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். நான் பாதி இளநீரைக் கீழே வைத்தேன்.

மாலையில் அவர்கள் பஸ் ஏறிப் போனார்கள். வீட்டு வாசலில் நான் செருப்பைக் கழற்றினேன். அவளோ, நான் சொல்லாமலே, தன் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். பிள்ளை பிடிக்க வருகிறவர்கள் வாசலைப் பார்த்து, வீட்டில் நான் மட்டும்தான் இருக்கிறேன் என்று நம்பவேண்டும் என்பதற்காக நான் பழக்கிய பழக்கம் அது.

இப்போது அவள் வெளிநாட்டில். வாசலில் என் செருப்பு மட்டும் கிடப்பது இப்போது பொய்யில்லை.