மதில் பெண்ணின் கதைசொல்லி

"தலை பத்திரம், தலை பத்திரம்" என்று முன்னால் ஏறிக்கொண்டே தாழ்ந்த உத்தரத்தை உள்ளங்கையால் தட்டுவார் தொகாஷி-சான். கழற்றிய செருப்பைப் பையில் போட்டுக் கையில் பிடித்தபடி பின்னால் மூச்சு வாங்குகிறவர்களைத் திரும்பிப் பார்ப்பார். "இந்தச் செங்குத்துப் படி எதிரிக்காகக் கட்டினதுங்க. உங்க முழங்காலைப் பத்திக் கோட்டை கட்டின பிரபு யோசிக்கவே இல்ல" என்பார். அவர்கள் சிரித்து முடிப்பதற்குள் அடுத்த தளத்தில் இருப்பார்.

எங்கள் ஜப்பானிய ஊர்க் கோட்டையைச் சுற்றிக் காட்டுகிறவர்கள் எல்லாரும் சம்பளமில்லாத தொண்டர்கள். நான் சீட்டுக் கொடுக்கும் ஜன்னலில் உட்கார்ந்து அத்தனை பேர் குரலையும் கேட்கிறவள். பாதிப் பேர் வாயைத் திறந்தால் எனக்குத் தூக்கம் வந்துவிடும். தொகாஷி-சான், அதாவது தொகாஷி ஐயா, அப்படியில்லை. துப்பாக்கித் துளை வழியாக எட்டிப் பார்க்கச் சொல்லி, அங்கே முதலில் தெரிவது மாமியாரா என்று கேட்பார். மேலங்கிப் பையில் எப்போதும் பிளம் மிட்டாய் இருக்கும். அழுகிற குழந்தைக்கும் உண்டு, கொட்டாவி விடுகிற எனக்கும் உண்டு.

வடகிழக்கு மூலைக்கு வந்ததும் அந்தக் குறும்பெல்லாம் அடங்கிவிடும். முன்னொரு காலத்தில் அந்த மதில் கட்டக் கட்டச் சரிந்ததாம். கடைசியில் ஒரு பெண்ணை உயிரோடு உள்ளே வைத்துக் கட்டினார்களாம். பிரபுவுக்காக அவள் மகிழ்ச்சியோடு சம்மதித்தாள் என்று பலகையில் எழுதியிருக்கிறது. ஊர்க் கடைகளில் அவளுடைய சிரித்த முகத்தை அச்சிட்ட பயறு இனிப்பு விற்கிறது. நானும் வாங்கித் தின்றிருக்கிறேன், பொய் சொல்வானேன்.

தொகாஷி-சான் மட்டும் அந்தச் சம்மதத்தைச் சொல்ல மாட்டார். "அவளை யாரும் கேக்கல" என்று சொல்லிவிட்டு நடந்துவிடுவார்.

காரணம் எனக்குத் தெரியும். அவருடைய ஒரே மகள் கனாயே டோக்கியோவில் பெரிய கம்பெனியில் வேலை பார்த்தாள். ஒரு குளிர்காலத்தில், அலுவலக மேசையிலேயே தலை சாய்ந்து போய்விட்டாள். தூங்கவே விடாத வேலை. அஞ்சலிக்கு வெள்ளைச் செவ்வந்தியோடு வந்த கம்பெனி ஆட்கள், யாரும் அவளை இரவில் இருக்கச் சொல்லவில்லை, அவளே விரும்பித்தான் இருந்தாள் என்று பணிவாகச் சொன்னார்கள். நானாயிருந்தால் அந்தப் பணிவின் முகத்திலேயே கதவைச் சாத்தியிருப்பேன். அவரோ தேநீர் ஊற்றிக் கொடுத்து அனுப்பினாராம்.

போன மாதம் தொண்டர் சங்கத் தலைவர் ஓனுகி அவரை என் ஜன்னலுக்குப் பக்கத்தில் நிறுத்தினார். நல்ல மனிதர்தான், புகாருக்குப் பயந்தவர். பலகையில் இருப்பதைச் சொல்லுங்கள், முடியாவிட்டால் விலகிக்கொள்ளுங்கள் என்றார். அவர் போன பிறகு தொகாஷி-சான் என்னிடம் மெதுவாகச் சொன்னார்: "இங்க வரலேன்னா வீட்ல அவ போட்டோவும் நானும்தான். எத்தனை நேரம் ஒருத்தரையொருத்தர் பாத்துக்கிட்டே இருக்கிறது?"

இந்த ஏப்ரலில், செர்ரிப் பூ கொட்டுகிற சமயம், ஒரு கம்பெனியில் புதிதாகச் சேர்ந்தவர்கள் வந்தார்கள். எல்லாருக்கும் ஒரே மாதிரிக் கறுப்புக் கோட்டு. முகத்தில் பள்ளிக்கூடக் களை கூடப் போகவில்லை. அழைத்து வந்த அதிகாரி மதில் மூலையில் அவர்களை வரிசையாக நிறுத்தி, இந்தப் பெண்ணின் மனசுதான் உங்களுக்கும் வேண்டும் என்றார். பின்னால் ஓனுகி நின்றிருந்தார். மதில் என் ஜன்னலுக்கு நேரெதிரே.

தொகாஷி-சான் ஆரம்பித்தார். மதில் சரிந்ததைச் சொன்னார், ஆள் தேடியதைச் சொன்னார். பலகைப்படி அடுத்தது சம்மதம். அவர் அந்தப் பிள்ளைகளைப் பார்த்தார்.

"அவ பேரு என்னன்னு யாருக்கும் தெரியாது. சந்தோஷமா சம்மதிச்சாங்கிறது மட்டும் எல்லாருக்கும் தெரிஞ்சிருக்கு" என்றார். "என் பொண்ணு பேரு கனாயே. தூக்கம் வந்தா வீட்டுக்குப் போயிடுங்க, பிள்ளைங்களா."

அதிகாரி வேகமாக அவர்களை மேலே ஓட்டிக்கொண்டு போனார். ஒரு பெண் மட்டும் திரும்பித் திரும்பிப் பார்த்தபடி போனாள்.

தொகாஷி-சான் சட்டைக் கையிலிருந்த தொண்டருக்கான பச்சைப் பட்டையைக் கழற்றி, மடித்து, ஓனுகியின் முன் தலை தாழ்த்தி இரண்டு கைகளாலும் நீட்டினார். ஓனுகி அதை வாங்காமல் தன் கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார். தொகாஷி-சான் நிமிரவும் இல்லை, நீட்டிய கையை மடக்கவும் இல்லை.