மாவிலை கட்டாத வாசல்

எங்கள் வீட்டு வாசலில் பொங்கலன்றும் மாவிலைத் தோரணம் கட்டுவதில்லை. அந்த இடத்தில் நூலில் ஒட்டிய காகிதக் கொடிகள் தொங்குகின்றன. சிவப்பும் மஞ்சளுமாக இருந்தவை, இப்போது வெயில் பட்டு இரண்டும் ஏறக்குறைய ஒரே நிறத்துக்கு வந்துவிட்டன. புதிதாகக் குடிவந்த பக்கத்து வீட்டுக்காரர், இந்த வீட்டில் ஏதோ துக்கம் என்று எண்ணி, முதல் ஆண்டு எங்களுக்கும் சேர்த்துப் பொங்கல் கொடுத்தனுப்பினார். துக்கம் ஏதுமில்லை. அந்தக் கொடிகளுக்குப் பின்னால் ஒரு சம்மாட்டி இருக்கிறார். அவரை நினைத்தால் இன்றும் எனக்கு முதலில் சிரிப்புத்தான் வருகிறது.

படகுச் சொந்தக்காரரை அந்தக் கரையில் சம்மாட்டி என்பார்கள். ஐம்பதுகளின் பிற்பகுதியில், பட்டமும் ஆசிரியப் பயிற்சியும் முடித்து, இராமேஸ்வரம் தீவின் மேற்கு ஓரத்தில் இருந்த ஓர் அந்தோணியார் கோயில் பள்ளிக்கு நான் வேலைக்குப் போனபோது, எங்களுக்கு அடுத்த வீடு அவருடையது. காற்றுக்கு எதிராகக் கூவிப் பழகிய குரல். எதிரே நிற்பவரிடம் உப்புக் கேட்பதானாலும் அதே குரல்தான். அந்தோணியார் திருவிழாவில் புனிதரின் சிலையான சொரூபம் கடலில் பவனி போவது அவருடைய படகில். அந்தப் பெருமையை அவர் யாருக்கும் மறக்க விட்டதில்லை. பவனிக்கு ஒரு கட்டுப்பாடும் இருந்தது. சொரூபம் ஏறிய படகு, திரும்பி எங்கள் ஊர்க் கரைக்கு வரும்வரை வேறெந்தக் கரையையும் தொடக் கூடாது. அவருடைய தந்தை காலத்திலும் அது மீறப்பட்டதில்லை.

ஓர் ஆண்டு, திருவிழாவுக்கு முன், அவர் இராமநாதபுரத்தில் ஒரு கலியாண வீட்டைப் பார்த்துவிட்டு வந்திருந்தார். வாசல் முழுக்க மாவிலைத் தோரணம். "கலியாண வீட்டுக்கே அம்புட்டு அழகுன்னா நம்ம அந்தோணியாருக்கு எம்புட்டு அழகா இருக்கும், சொல்லுங்க டீச்சர்" என்று என்னிடம் கேட்டார். நான் பதில் சொல்லுமுன்பே ஏற்பாடு முடிந்திருந்தது. திருவிழாக் காலையில் சாக்கு சுற்றிய மாங்கொப்புகள் ரயிலில் வந்து இறங்கின. எங்கள் மணலில் பனையும் தென்னையும் உண்டு, மாமரம் கிடையாது. ஆகவே ஒரு கொப்பில் இலைகள் ஒன்றோடொன்று வெள்ளை நூலால் தைத்ததுபோல் உருண்டு திரண்டிருந்ததைப் பார்த்தபோது, அது முசுறு எறும்பின் கூடு என்று அங்கே ஒருவருக்கும் தெரியவில்லை. "ஏலே, அத வெட்டாதிய. இலையிலயே பந்து செஞ்சு அனுப்பியிருக்கான். அப்படியே படகு முகப்புல கட்டுவோம்" என்றார் சம்மாட்டி. கொப்பைத் தனியாக மணலில் வைத்தார்கள்.

நான் சற்றுத் தள்ளிப் பள்ளிப் பிள்ளைகளை வரிசையில் நிறுத்திக்கொண்டிருந்தேன். என் மூன்று வயது மகள் அந்தப் பச்சைப் பந்தை இரண்டு கையாலும் பிடித்து அமுக்கினாள். உள்ளிருந்து சிவந்த எறும்புகள் பொங்கி வந்து கை, கழுத்து என்று கடித்தன. சம்மாட்டியின் மனைவி ஓடிவந்து முந்தானையால் தட்டிவிட்டார். எறும்புக் கடிதானே என்று எல்லோரும் ஆறுதலாகச் சிரித்தார்கள். படகில் ஏறியிருந்த பேண்டு வாத்தியக்காரர்கள் ஒத்திகையாக ஒரு பாட்டை வாசித்து முடிப்பதற்குள் அந்தச் சிரிப்பு நின்றுவிட்டது. குழந்தையின் உடம்பெங்கும் தடிப்புகள் எழுந்தன. உதடும் இமையும் வீங்கின. அழுகுரல் கம்மி, மூச்சில் விசில்போல் ஓர் ஒலி கலந்தது.

"காணாக்கடி மாதிரி தடிச்சிருக்கு டீச்சர். வெத்தலையும் மிளகும் மெல்லக் குடுங்க" என்று அந்த அம்மாள் எடுத்துவந்தார். நல்ல மனத்துடன் நீட்டிய கை அது. ஆனால் தொண்டையும் வீங்கிவருகிறது என்று அந்த மூச்சொலி எனக்குச் சொன்னது; வாயில் எதையும் இட அஞ்சினேன். எந்தச் செயலுக்கும் இருபுற விளைவையும் எடைபோட்டுப் பார்ப்பது என் இயல்பு. அன்று எடைபோட அதிகம் இருக்கவில்லை. ஆஸ்பத்திரி கடலுக்கு அக்கரையில், மண்டபம் ஊரில். பாலத்தைக் கடக்கும் அடுத்த ரயில் மாலையில். திருவிழா என்பதால் எல்லாப் படகுகளும் பாய் கழற்றி மணலில் ஏறிக் கிடந்தன. பாய் கட்டி நீரில் நின்றது ஒன்றே ஒன்று. அதில் அந்தோணியார் இருந்தார், கயிற்றால் இறுகக் கட்டப்பட்டு.

"சொரூபத்த மொதல்ல எறக்கணும்ல?" என்றார் ஒருவர்.

சம்மாட்டி குழந்தையின் முகத்தைப் பார்த்தார். "எறக்க நேரமில்ல. அவரும் வரட்டும்."

"அக்கரை தொடக் கூடாதுன்னு ஒங்க அய்யா காலத்துலருந்து..."

"எங்க அய்யாவுக்கு நான் பதில் சொல்லிக்கிறேன். நீ கயித்த அவுத்து விடு."

பங்குச் சாமியார் என்ன சொல்வாரோ என்று எல்லோரும் திரும்பினார்கள். அவர் அங்கியை முழங்கால்வரை தூக்கிச் செருகிக்கொண்டு தண்ணீரில் இறங்கிப் படகைத் தள்ளிக்கொண்டிருந்தார்.

கொண்டல் காற்று முதுகில் இருந்தது. படகு மேற்கே பறந்தது. இறங்க நேரமில்லாத வாத்தியக்காரர்கள் ஓரமாக ஒடுங்கியிருந்தார்கள். என் மடியில் குழந்தையின் கண்கள் செருகத் தொடங்கின. அலை ஒன்று தூக்கிப் போட்டதில் பெரிய முரசு உருண்டு 'டொம்' என்றது. அவள் கண் திறந்து அதைத் தேடினாள். சம்மாட்டி கவனித்துவிட்டார். "ஏலே, சும்மா ஏன் இருக்கிய? வாசிங்க. புள்ள கேக்குதுல்ல."

"என்னத்த வாசிக்க, சம்மாட்டி?"

"தெரிஞ்சத வாசிலே. கலியாணப் பாட்டுன்னாலும் சரி."

அவர்கள் வாசித்தார்கள். கிளாரினெட் இரண்டு இடத்தில் பிசகியது. ஒரு பாட்டு முடிந்தால் அவள் இமை இறங்கும், அடுத்தது தொடங்கினால் உயரும். அந்தக் கடலைக் கடந்து முடிக்கும்வரை ஒன்று மாற்றி ஒன்றாக வாசித்துக்கொண்டே வந்தார்கள்.

அக்கரையில் இருந்தவர்கள் என்ன நினைத்திருப்பார்கள் என்பதைப் பிறகுதான் யோசித்தேன். அலங்கரித்த படகு, வாத்தியம், நடுவே அந்தோணியார். ஒருபோதும் வராத சொரூபம் தங்களைத் தேடி வருகிறது என்று எண்ணி, மணலில் வரிசையாக மண்டியிட்டுவிட்டார்கள். படகு தரைதட்டியதும் சம்மாட்டி தம் முழுக் குரலையும் எடுத்தார். "மண்டி போட்டது போதும், எந்திரிங்க. குதிரை வண்டி யார்ட்ட இருக்கு?" மண்டியிட்டிருந்தவர்களில் ஒருவரே வண்டிக்காரர். கேள்வி ஏதும் கேட்காமல் ஓடிப்போய்க் குதிரையைப் பூட்டினார்.

டாக்டர் அட்ரினலின் ஊசி போட்டார். குழந்தையின் நெஞ்சை மட்டுமே பார்த்துக்கொண்டு நின்றேன். விசில் ஒலி மெல்லத் தேய்ந்தது. மூச்சு ஆழமாயிற்று. பிறகு அவள் கம்மிய குரலில், "டொம் எங்க?" என்றாள். வெளியே நின்ற முரசுக்காரரை டாக்டரே உள்ளே அழைத்து, "மெதுவாக ஒரே ஒரு தட்டு" என்று அனுமதித்தார். அவர் தட்டினார், தட்டிவிட்டு அழுதார்.

மீண்டும் மூச்சு முட்டக்கூடும், காலைவரை இங்கேயே இருக்கட்டும் என்றார் டாக்டர். கூட்டிவந்த பிள்ளையை விட்டுவிட்டுச் சொரூபம் திரும்பாது என்று சம்மாட்டி கரையிலேயே உட்கார்ந்துவிட்டார். செய்தி எப்படியோ எங்கள் ஊருக்கு எட்டியது. மாலை ரயிலில் ஊரே வந்து இறங்கியது. திருவிழாச் சோற்று அண்டாக்களும் கூடவே இறங்கின. அந்த ஆண்டுத் திருவிழா மண்டபம் கரையில், முன்பின் அறியாதவர்களோடு பந்தியாக உட்கார்ந்து நடந்தது. அதைவிட நிறைவான விருந்தை நான் உண்டதில்லை.

ஆனால் என் மனத்தில் ஒரு கவலை விழுந்தது. அந்தோணியாரே கடல் கடந்து பிள்ளையைக் காப்பாற்றினார் என்று ஊர் பேசியது. அந்த நம்பிக்கையைக் குறைசொல்ல எனக்கு விருப்பமில்லை. அடுத்த முறை ஒரு தாய், மூச்சுத் திணறும் பிள்ளையை ஆஸ்பத்திரிக்குத் தூக்காமல் கோயில் படியில் கிடத்திக் காத்திருந்தால் என்ன ஆகும் என்றுதான் அஞ்சினேன். ஞாயிற்றுக்கிழமை ஊர்க் கூட்டத்தில் பேசுவதற்கு நீண்டதோர் உரையைத் தயாரித்திருந்தேன். அதற்குத் தேவை ஏற்படவில்லை. கட்டுப்பாட்டை மீறியதைக் கேட்க எழுந்த ஒருவர், காய்ச்சல் கண்ட தம் பையனுக்கு மந்திரிக்கப் போவதாகவும் பேச்சுவாக்கில் சொல்ல, சம்மாட்டி பிடித்துக்கொண்டார். "அந்தோணியாரே ஆஸ்பத்திரிக்குப் போயிட்டு வந்துருக்காரு. ஒனக்குப் போக என்னலே நோகுது?"

கூட்டம் சிரித்த சிரிப்பில் இரு வழக்குகளும் தீர்ந்தன. மறு ஆண்டிலிருந்து பவனிப் படகு அக்கரையையும் தொட்டுத் திரும்பியது. ஊர்ப் பெண்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ரயிலேறும்போது, "அந்தோணியார் போன எடத்துக்குப் போயிட்டு வாரோம் டீச்சர்" என்பார்கள். என் உரை அதைச் சாதித்திருக்குமா என்பது ஐயமே. படகில் மாவிலை மட்டும் அதன்பின் ஏறவில்லை. எல்லாம் காகிதக் கொடிகள்.

பல ஆண்டுகள் கழித்து, மதுரையில் என் மகளின் திருமணத்துக்குச் சம்மாட்டி வந்தார். கலியாண மண்டப வாசலை அண்ணாந்து பார்த்தார். ஒரு முக்காலி கேட்டு வாங்கி ஏறி, மாவிலைத் தோரணத்தை இலை இலையாகப் புரட்டத் தொடங்கினார். மாப்பிள்ளை அழைப்பு வாசலில் வந்து நின்றது. யார் இவர் என்று சம்பந்தி கேட்டார். "இருங்க. அந்தப் பந்து இதுல இல்லன்னு தெரிஞ்சாத்தான் மாப்பிள்ளைய உள்ள விடுவேன்" என்றது மேலிருந்து அந்தக் குரல். தெருமுனைவரை கேட்டிருக்கும். மணக்கோலத்தில் இருந்த என் மகள் சிரிப்பை அடக்க முடியாமல் வெளியே ஓடிவந்துவிட்டாள். அவர் தோரணத்தை அவிழ்த்தெறிந்து, மடியிலிருந்து காகிதக் கொடிகளை எடுத்துக் கட்டிவிட்டுத்தான் இறங்கினார். அதன்பின் எங்கள் வீட்டு வாசலுக்கும் காகிதக் கொடிகள்தாம்.

அவர் இன்று இல்லை. இந்தப் பொங்கலுக்கு என் மகள் வந்திருந்தாள். பக்கத்து வீட்டுக்காரர், தம் வீட்டுக்குக் கட்டியது போக மீந்த மாவிலைச் சரத்தை அன்போடு கொண்டுவந்து நீட்டினார். அவள் அதை வாங்கி வெளிச்சத்தில் பிடித்து, ஒவ்வோர் இலையாகப் புரட்டிப் பார்த்தாள். எல்லாம் சுத்தமாகவே இருந்தன. பிறகு வாசலில் ஆடிய கொடிகளை நிமிர்ந்து பார்த்துச் சிரித்தாள்.

"ரொம்ப நல்லா இருக்கு. ஆனா எங்க சம்மாட்டி விடமாட்டாரு" என்று திருப்பிக் கொடுத்தாள்.