டாக்டர் பிள்ளைகளுக்கு அக்கா எடுத்த வகுப்பு

எங்கள் அக்கா மறைந்து ஓராண்டு ஆகிறது. இந்த நினைவு மலருக்கு அடக்கமாக எழுதத்தான் உட்கார்ந்தேன். அவரை நினைத்ததும் பேனா துள்ளுகிறது. பெரியோர் பொறுத்தருள வேண்டும்.

மல்லேஸ்வரத்தில் பிறந்தவர். அப்பா பணியிலிருக்கும்போதே காலமானதால், ரேஷன் கார்டு வழங்கும் அரசு அலுவலகத்தில் அக்காவுக்குக் குமாஸ்தா வேலை கிடைத்தது. தம்பி தங்கைகள் எங்கள் மூவரையும் படிக்க வைத்தார். தமக்கென்று மணம் தேடிக்கொள்ளவில்லை.

ஓய்வுபெற்றபின், மூட்டுவலிக்காக ஒரு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போயிருந்தார். வரிசையில் முன்னால் இருந்தவர் அடுகோடிப் பகுதியிலிருந்து வந்த செல்வி. சர்க்கரை நோயாளி. மருத்துவ மாணவி ஒருவர் அவரைக் கடிந்துகொண்டிருந்தார்.

"மாத்திரை ஏம்மா ஒழுங்கா போடல?"

அக்கா செல்வியிடம் குனிந்து, "காலைல என்னம்மா சாப்ட்ட?" என்றார்.

"டீதாங்க்கா. ராத்திரிதான் சோறு. வெறும் வயித்துல மாத்திரை போட்டா தலை சுத்தி விழுந்துடறேன். வீட்டுக்காரர் போனதும் ரேஷன் கார்டும் நின்னுபோச்சு."

அக்கா மாணவியிடம் திரும்பினார். "டாக்டர், இவங்களுக்கு மொதல்ல அரிசி எழுதிக் குடுங்க."

மாணவி கோபிக்கவில்லை. "அது எப்படி எழுதறது, ஆண்ட்டி?" என்றார்.

அன்றே பெரிய டாக்டரிடம் சொல்லி மாத்திரையை மாற்றினார்கள். பிறகு அக்கா, செல்வி, மாணவி மூவரும் கேன்டீனில் அமர்ந்து கார்டுக்கு விண்ணப்பம் நிரப்பினார்கள். முகவரிச் சான்று இல்லையென்று அது திரும்பியது. அந்த மாணவியே அலைந்து சான்று வாங்கினார். சில வாரங்களில் போன்: "ஆண்ட்டி, சக்கத், சூப்பர்! கார்டு வந்துடுச்சு!" அக்கா அடுப்பை அணைத்துவிட்டுக் கைதட்டிய ஓசை பக்கத்து வீட்டுக்குக் கேட்டது!

விஷயம் அந்தக் கல்லூரிப் பேராசிரியர் காதுக்கு எட்டியது. சனிக்கிழமைதோறும் வகுப்பெடுக்க அக்காவை அழைத்தார்.

"டேய், நான் வெறும் பி.யு.சி.டா. டாக்டருங்களுக்குப் பாடமா!" என்று என்னிடம் சிரித்தவர், முதல் நாள் பட்டுப்புடவை கட்டி இரண்டு மணி நேரம் முன்னதாகவே போய்விட்டார். நோயாளி என்ன சாப்பிடுகிறார், எத்தனை பஸ் மாறி வந்தார், வீட்டில் துணை யார் என்று கேட்காமல் சீட்டு எழுதாதீர்கள் என்பதே முதல் பாடம். அடுத்த வாரமே மாணவர்களை நோயாளிகளின் வீடுகளுக்கு அழைத்துப் போனார். ஆறு ஆண்டுகள் அது நிற்கவில்லை. இதயம் தளர்ந்து படுக்கையில் விழுந்த பிறகும், "இந்த வாரம் யார் வீடு?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார்.

கடைசி நாட்களில் அருகிருந்த டாக்டர்கள், செவிலியர், தெருவார் அனைவருக்கும் எங்கள் நன்றி. முன்பின் தெரியாத பிள்ளைகளைத் தங்கள் ஒற்றை அறைக்குள் விட்டு, அரிசி டப்பாவைத் திறந்து காட்டிய நோயாளிகளுக்கு எங்கள் வணக்கம். அவர்களில் சிலருக்கு எழுத்து தெரியாது. இம்மலரைப் பெற்றவர்கள் இந்த ஒரு வரியை அவர்களுக்குப் படித்துச் சொல்லுங்கள்:

உங்களால்தான் எங்கள் அக்கா ஆசிரியை ஆனார்.