பாட்டுக்குள் வந்த பெண்டாட்டி

மூக்குக்கண்ணாடிக் கடையின் பின்னறையில் லென்ஸின் விளிம்பைத் தேய்த்து, பிரேமுக்குள் உட்கார வைப்பது அவள் வேலை. அரை மில்லிமீட்டர் பிசகினாலும் லென்ஸ் உடையும்; உடையாவிட்டால் போட்டுக்கொள்பவருக்குத் தலைவலி. அதனால்தானோ என்னவோ, தப்பான அளவு எதைக் கண்டாலும் அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும். தெருவில் எல்லாருக்கும் அவள் கண்ணாடிக்காரம்மா.

அவளுக்கு ஒரு புருஷன் இருந்தான். கிடார் வாசிப்பவன். மகளுக்கு நாலு வயதானபோது, கடற்கரை ஹோட்டல் ஒன்றில் மூன்று வாரம் வாசிக்கப் போகிறேன் என்று கிளம்பினான். அன்று குழந்தைக்குத் தட்டம்மை. உடம்பெல்லாம் சிவந்து அனத்திக்கொண்டு கிடந்தது. "வந்து பாத்துக்கறேன்" என்று செருப்பை மாட்டினான். அவ்வளவுதான். பதினான்கு வருஷம் ஒரு கடுதாசி கிடையாது. மகளிடம் அவனைப் பற்றி அவள் கெட்ட வார்த்தையும் சொன்னதில்லை, நல்ல வார்த்தையும் சொன்னதில்லை.

அப்புறம்தான் அந்தப் பாட்டு வந்தது.

அவன் ஒரு ராக் குழுவில் சேர்ந்திருந்தான். அவர்கள் போட்ட ஆல்பத்தைச் சீந்துவாரில்லை. அதிலிருந்து மெதுவான பாட்டு ஒன்றை மட்டும் உருவி, தனி இசைத்தட்டாகக் கம்பெனி வெளியிட்டது. டிரம்ஸ்கூடத் தூங்கும் குழந்தையைத் தட்டிக்கொடுப்பது போலத்தான் ஒலிக்கும். இரண்டே மாதத்தில் அதுதான் முதலிடம். பஸ்ஸில், சலூனில், ஆஸ்பத்திரி வராந்தாவில், எங்கே போனாலும் ஒரே வரி:

'நீ சாத்திய கதவுக்கு வெளியே
இன்னும் நனைகிறேன் நான்.'

வெறும் பாட்டாக இருந்திருந்தால் தொலையட்டும் என்று விட்டிருப்பாள். அவனோ ஒரு பத்திரிகைக்காரரிடம், "அது என் பொண்டாட்டியப் பத்தினதுதான். அவ கதவைச் சாத்திட்டா. நான் இன்னும் வாசல்லதான் நிக்கறேன்" என்று கண்கலங்கிச் சொல்லி வைத்தான். மறுநாளிலிருந்து, கண்ணாடி வாங்க வராதவர்களெல்லாம் பின்னறையை எட்டிப் பார்த்தார்கள். 'கல்நெஞ்சக்காரி' என்று ஒருத்தி காதுபடவே சொல்லிவிட்டுப் போனாள்.

அவனுடைய தங்கை பழக்கூடையோடு வந்து நின்றாள். "குடுத்து வச்சவங்க அண்ணி நீங்க! ஊரே உங்களத்தான் பாடுது."

"நான் எப்பம்மா கதவைச் சாத்தினேன்?"

"பாட்டுன்னா அப்படித்தான் இருக்கும். எங்க அண்ணன் உருகறான். கொஞ்சம் விட்டுக் குடுங்களேன்."

விட்டுக்கொடுக்க இன்னும் என்ன மிச்சம் என்று நினைத்தாள். பழக்கூடையைத் தொடவே இல்லை.

ஆனால் அவளை உலுக்கியது மகள்தான். பல் ஆஸ்பத்திரியில் வரவேற்பு வேலையில் சேர்ந்திருந்த அவள், முதல் மாதச் சம்பளத்தில் அந்தத் தட்டைத்தான் வாங்கி வந்தாள்.

"பாட்டுல அப்பா அழறாரும்மா. நீ ஒரு தடவகூட அழுது நான் பாத்ததில்லையே."

 அழ நேரமில்லாமல் வளர்த்ததற்கு இது கூலியா? மூன்று நிமிஷம் மூக்கை உறிஞ்சியவன் நல்லவன், பதினான்கு வருஷம் பல்லைக் கடித்தவள் பொல்லாதவளா?

பாட்டின் நூறாவது நாளுக்கு வானொலி நிலையத்திலிருந்து அழைப்பு வந்தது. நேரடி ஒலிபரப்பு, ஞாயிறு காலை பத்து மணி, அவனும் வருவான். "வரேன்" என்று உடனே சொன்னாள். போன் செய்தவர் காதல் ஜெயித்துவிட்டதாகவே நினைத்திருப்பார்.

கண்ணாடித் தடுப்பு போட்ட சின்ன அறை. எதிரே தோல் ஜாக்கெட்டில், காதோரம் நரைத்து, அவன். அறிவிப்பாளர் குழைந்தார்: "நேயர்களே, சாத்திய கதவு இன்னைக்குத் திறக்கப் போகுது!"

"எந்தக் கதவு?" என்றாள் அவள். "நாங்க குடியிருந்த வீட்டுக் கதவுக்குத் தாழ்ப்பாளே கிடையாது. நாற்காலிய முட்டுக் குடுத்து வச்சிருப்போம். அந்த நாற்காலியத் தள்ளிட்டுப் போனவர் இவர்."

அறிவிப்பாளர் சிரிக்கப் பார்த்தார். வரவில்லை.

"மழையில நனையறாராம். அன்னைக்கு மண்டையப் பொளக்கிற வெயில். உள்ள புள்ள காய்ச்சல்ல கெடந்துது."

"அது... ஒரு கற்பனைதானே, நீ ஏன்..." என்று அவன் இழுத்தான்.

"கற்பனைன்னா பத்திரிகையில என்னை எதுக்கு இழுத்த? பாட்டு நல்லாருக்கு, நான் இல்லைங்கல. பாடிக்க. ஆனா நீ ஓடிப் போனதுக்கு என்னைக் கதவு சாத்தினவளாக்காத!"

அதற்குள் அறிவிப்பாளர் கையசைத்துவிட்டார். அவளுடைய மைக்கை அடைத்து அந்தப் பாட்டையே போட்டார்கள். உதடு அசைந்துகொண்டிருந்தது, ஊர் கேட்டது கிடாரை.

அதோடு பாட்டு படுத்துவிட்டது என்றா நினைக்கிறீர்கள்? மறுவாரமே தட்டு பழையபடி முதலிடத்துக்கு ஏறியது. 'சண்டையிலும் சாகாத காதல்' என்று கம்பெனி விளம்பரம் கொடுத்தது. கச்சேரிகளில் சிலர் மட்டும், "நாற்காலி எங்கே?" என்று கத்தினார்களாம். நாலு மாதம் அவன் அந்தக் கதவு வரியைப் பாடாமல் விழுங்கினான். கத்தல் ஓய்ந்ததும் மறுபடி பாட ஆரம்பித்தான். இன்றைக்கும் அதுதான் அவனுடைய பேர்போன பாட்டு. அதை நினைத்தால் கண்ணாடிக்காரம்மாவுக்கு இன்றைக்கும் ரத்தம் கொதிக்கும்.

ஆனால் அந்த ஞாயிற்றுக்கிழமை அவள் வீட்டுக்குள் நுழைந்தபோது, ரேடியோவை அணைத்துவிட்டு மகள் உட்கார்ந்திருந்தாள்.

"எனக்குத் தட்டம்மை வந்துதாம்மா?"

"வந்துது. பதினோரு நாள்."

"கடைக்குப் போகாம என்ன பண்ண?"

"எங்க போகாம? மொத ரெண்டு நாள்தான் லீவு குடுத்தாங்க. அப்பறம் உன்னைத் தூக்கிட்டுப் போயி மேஜைக்கடியில படுக்க வச்சேன். லென்ஸ் தேய்க்கிற கல்லு சுத்துற சத்தத்துலதான் நீ தூங்கின."

 மகள் முகம் சிவந்து, "நீ பேசிட்டிருக்கும்போதே எப்படி மைக்க அடைக்கலாம்? நாளைக்கே அங்க போயி அந்த ஆளக் கேக்கறேன்" என்றாள்.

"கேளு" என்றாள் அம்மா, செருப்பைக் கழற்றியபடி. "நானும் வரேன். நான் பாதியிலதான் நிறுத்தியிருக்கேன்."