வதனா அக்காவின் பத்தாவது பாட்டு

வதனா அக்காவின் மகள் நிலாவிடமிருந்து அழைப்பு வந்தபோது, கனடாவின் பிறம்ரன் நகரில் வேலைத்தலத்தின் வாகனத் தரிப்பிடத்தில் நின்றேன். முதல் இரண்டு தடவையும் எடுக்கவில்லை. எடுக்காதவரை எதுவும் நடந்திருக்காது என்று நினைத்தேன். மூன்றாவது தடவை எடுத்தபோது, "அங்கிள், அம்மா போயிட்டா" என்றாள்.

உங்களில் பலருக்கு அக்கா ஒரு சரக்குக் கிடங்கில் பெட்டி கட்டியவர். அவர் பாட்டு எழுதிப் பாடியதும் சிலருக்குத் தெரியும். கிற்றாரில் அமெரிக்கக் கிராமியச் சாயல் கொண்ட கன்ட்ரி இசை. குரலில், கறுப்பினத் தேவாலயங்களில் பிறந்த சோல் இசையின் உருக்கம். சொற்கள் யாழ்ப்பாணத் தமிழ். பக்கத்தில் நின்று பேஸ் கிற்றார் வாசித்தவன் நான்.

ஒருமுறை ஸ்காபரோவில் ஒரு விழாக்காரரிடம் வாய்ப்புக் கேட்டுப் போனோம். ஒரு பாட்டைக் கேட்டுவிட்டு, "நல்லாத்தான் இருக்கு. ஆனால் உது எங்கட சனத்துக்குப் பிடிபடாது" என்றார். நகரத்து மதுச்சாலையிலோ ஆங்கிலத்தில் பாடச் சொன்னார்கள். திரும்பும் வழியில் எனக்குத்தான் கோபம். அக்கா சொன்னார்: "கேக்கிற ஆள் எங்கையோ இருக்கும், தம்பி. நாங்கள் பாட்டை ஒழுங்காச் செய்து வைப்பம்."

போன வருடம் அவருக்குத் தொண்டையில் கட்டி. சத்திரசிகிச்சைக்குப் பிறகு குரல் இருக்குமா என்று வைத்தியர் உறுதி சொல்லவில்லை. அதற்கு முன் கையில் பத்து நாள்கள்தான். விட்பியில் என் வீட்டு நிலவறையில், அவருடைய ஒன்பது பாட்டுகளையும் பதிவுசெய்தோம். நாளுக்கு நாள் குரல் கரகரத்தது. எனக்குத் தாளம் பிசகியது.

"உங்களுக்குப் பயமா இல்லையோ அக்கா?"

"ஓம், பயம்தான். அதையும் சேர்த்துத்தான் பாடுறன்."

சத்திரசிகிச்சைக்குப் பிறகு குரல் திரும்பவில்லை. மருந்தால் விரல்களும் மரத்துப்போய்க் கிற்றார் பிடிக்க முடியவில்லை. அப்படியிருந்தும் பத்தாவதாக ஒரு பாட்டு எழுதினார். வரிகள் தாளில் இருந்தன, மெட்டு அவர் மனதில். ஞாயிறுதோறும், ரூஜ் பகுதியில் அவர் வீட்டுக் குசினி மேசையில் அவர் தாளம் தட்ட, நான் மெட்டைத் தேடித் தேடி வாசித்தேன். அவர் இல்லையென்று தலையசைத்தார். நான்காவது ஞாயிறு, ஒரு துண்டில் எழுதி நீட்டினார்: "கிட்ட வந்திட்டாய்."

"வாற கிழமை பிடிச்சிடுவம்" என்றேன். அடுத்த ஞாயிறு மேலதிக வேலை இருந்தது. போகவில்லை. அதற்கடுத்த செவ்வாய்தான் நிலா அழைத்தாள்.

இறுதிக்கிரியையில் அந்தப் பாட்டைப் பாடும்படி அவள் கேட்கிறாள்.

"மெட்டு பிழைச்சால்?"

"அம்மாவைத் தவிர ஆருக்கும் தெரியாது அங்கிள்."

அவள் ஆறுதலாகத்தான் சொன்னாள். எனக்கு அன்றிலிருந்து நித்திரை இல்லை.

ஞாயிற்றுக்கிழமை பாடுவேன். ஒன்பது பாட்டுகள் நிலாவிடம் பத்திரமாக இருக்கின்றன. என்னிடம் எஞ்சியிருப்பது, பாதி பிடிபட்ட ஒரு மெட்டும், அது சரிதானா என்று இனிக் கேட்க ஆளில்லாத தவிப்பும்.