அஞ்சலை அக்கா துடைத்த இசைத்தட்டு

சென்ற செவ்வாய்க்கிழமை புந்தோங்கில் அஞ்சலை அக்கா காலமானார் என்று அவர் மகள் தொலைபேசியில் சொன்னாள். எண்பதைத் தாண்டிய உடம்பு, எதிர்பார்த்ததுதான். ஆனாலும் மனம் ஆடிப்போய்விட்டது. ஆயர் தாவார் பக்கம் எங்கள் ரப்பர் தோட்டத்தில் இருந்தவர்களில் இன்னும் சிலர் இருக்கிறீர்கள். ஜப்பான்காரன் காலத்தில் என் தங்கை கழுத்தில் தாலி ஏறியது அக்காவால்தான் என்பது உங்களுக்குத் தெரியும். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்.

கல்யாணமாகாத பெண்களைச் சிப்பாய்கள் கொண்டுபோய்விடுவார்கள் என்ற பயத்தில் தோட்டமெங்கும் அவசரக் கல்யாணம் நடந்த காலம் அது. தங்கைக்குச் சிலிபின் ஊரில் மாப்பிள்ளை அமைந்தார். மேளக்காரர்கள்தான் இல்லை. சயாம் ரயில் பாதை போட அவர்களையும் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள். அவர்களில் ஒருவர் அக்காவின் கணவர், தவில்காரர் மாரிமுத்து. மேளம் இல்லாமல் தாலி கட்ட விடமாட்டேன் என்று மாப்பிள்ளையின் அம்மா ஒற்றைக் காலில் நின்றார்.

நான் தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணி. என்னிடம் ஒரு கிராமபோனும், தவிலோடு கூடிய ஒரே ஒரு நாதசுர இசைத்தட்டும் இருந்தன. பூசணம் பிடிக்கக் கூடாதென்று இசைத்தட்டை ரப்பர் ஷீட் காயும் புகைக்கூடத்தில் வைத்திருந்தேன். தினமும் எடுத்து அம்மாவின் பட்டுப்புடவைத் துண்டால் பளபளவென்று தேய்ப்பேன். மரியாதையாம்! கல்யாணத்துக்கு முதல் நாள் கிராமபோனை அங்கேயே கொண்டுபோய்ப் போட்டுப் பார்த்தால், எண்ணெயில் கடுகு போட்ட மாதிரி ஒரே படபடப்பு. நாதசுரமே கேட்கவில்லை. மறுபடியும் தேய்த்தேன், இன்னும் மோசமானது. தங்கை அழ ஆரம்பித்துவிட்டாள்.

புகைக்கூடத்தில் வேலை செய்துகொண்டிருந்த அக்கா எட்டிப் பார்த்தார். "ஐயோ, தேய்க்காதீங்க கிராணியாரே! காஞ்ச ஷீட்டைத் தேய்ச்சா கைமுடி எழும்புதே, பாத்ததில்ல? இதுவும் அதே சனியன்தான். தேய்க்கத் தேய்க்கத் தூசியை இழுக்கும்லா."

இசைத்தட்டின் மேல் கையைக் கொண்டுபோனேன். முடி எழுந்து நின்றது. படித்தவன் என்ற கர்வம் அங்கேயே கொஞ்சம் இறங்கியது.

அக்கா பழைய பருத்தித் துணியை நனைத்து, சொட்டுத் தண்ணீர் இல்லாமல் பிழிந்து, கோடு போகும் வழியிலேயே வட்டமாக, மெதுவாகத் துடைத்தார். நிழலில் உலரவிட்டார். பட்டுத் துண்டை என்னிடம் நீட்டி, "மினுக்கு வேணுமா, சத்தம் வேணுமா?" என்று கேட்டார்.

மறுநாள் முகூர்த்தத்தில் ஊசியை வைத்ததும் நாதசுரம் கணீரென்று எழுந்தது. ஒரு பொரி சத்தம் இல்லை. தாலி ஏறியது. மாப்பிள்ளையின் அம்மா என் அம்மாவைக் கட்டிக்கொண்டார். ஜப்பான்காரன் ஆட்களைத்தான் பிடித்துப் போனான், மேளத்தை அவனால் நிறுத்த முடியவில்லை.

சண்டை ஓய்ந்தபின் மாரிமுத்து எலும்பும் தோலுமாகத் திரும்பினார். அக்கா அவரை நேராக என் வீட்டுக்கு அழைத்து வந்தார். "அதைப் போடுங்க கிராணியாரே. இவரு இல்லாம கல்யாணம் நின்னுச்சான்னு கேக்கட்டும்."

அவர் கண்ணை மூடிக் கேட்டார். விரல்கள் தொடையில் தாளம் போட்டன. முடிந்ததும் நிமிர்ந்து உட்கார்ந்து சொன்னார்: "தவில்காரன் பரவால்ல. ஆனா என்னைய மாதிரி இல்லலா."

அக்கா சிரித்தார். கண்ணில் நீர் வழிய, கூரை அதிரச் சிரித்தார். அவர் சிரித்து அன்றுதான் நான் முதன்முதலாகக் கேட்டேன். அக்காவிடமிருந்து நான் வைத்துக்கொண்டது அந்தச் சிரிப்பைத்தான்.