கழற்றி மாட்டும் கம்பியோடு கோவிலம்பாக்கம் வரை

காலை ஆறு மணி. தாம்பரம் ஸ்டேஷன் பனியில் பாதி மறைந்திருந்தது. எழுபத்து நாலாம் வருடத் தை மாதம். பள்ளிக்கு லீவு போட்டுவிட்டு, தோளில் எலெக்ட்ரிக் கிடாரோடு பல்லாவரத்துக்கு டிக்கெட் எடுத்தேன். அங்கிருந்து கிழக்கே ஏழு கிலோமீட்டர் போனால் கோவிலம்பாக்கம். என்னோடு வேலை பார்க்கும் கணக்கு டீச்சர் விஜயாவுக்கு அன்று கல்யாணம். மறுநாளே மாப்பிள்ளையோடு ஜாம்ஷெட்பூருக்கு ரயில் ஏறிவிடுவாள். "பாத்திரம் பண்டமெல்லாம் வேணாம்டி எஸ்தர். அந்த நடுங்குற சத்தத்தை ஒரு தடவை வாசிச்சிடு, போதும்" என்று கேட்டிருந்தாள்.

கப்பலில் வேலை பார்க்கும் என் அண்ணன் கொண்டுவந்து போட்ட கிடார் அது. தந்திகளுக்குக் கீழே ஒரு சாண் நீளக் கம்பி நீட்டிக்கொண்டிருக்கும். அதை மெல்ல அழுத்தி விட்டால், கொடியில் போட்ட ஈரத்துணி காற்றில் அசைவதுபோலச் சுரம் அலையும். அழகுதான், ஆனால் ரயிலில் பெரிய தொல்லை. போன தடவை பெண்கள் பெட்டியில் ஓர் அம்மாளின் முந்தானை அதில் மாட்டிக் கிழிய, குரோம்பேட்டை வரை நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன். அதனால் லேத் பட்டறையில் கொடுத்து, கம்பியை அடியில் வெட்டி மரை போட்டு, பேனா மூடிபோலத் திருகிக் கழற்றும்படி செய்துவிட்டேன். புது மரையில் எண்ணெய் கசிந்தது. பட்டுப்புடவையில் படக்கூடாதே என்று, கிறிஸ்துமஸுக்கு மிஞ்சிய ஜிகினாத் தாளில் கம்பியைச் சுற்றி, நாடாவும் கட்டிக் கையில் வைத்துக்கொண்டேன். என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

பல்லாவரத்தில் சைக்கிள் ரிக்‌ஷா, மூன்று ரூபாய்.

"இன்னாமா அது, வீணையா?" என்றார் ரிக்‌ஷாக்காரர்.

"கிடார். கரண்ட்ல வாசிக்கிறது."

"கரண்ட்டா? பாத்துமா, கல்யாண வூட்ல யாருக்னா ஷாக் அட்சிரப் போவுது."

கீழ்க்கட்டளை தாண்டியதும் இருபுறமும் வயலும் தண்ணீரும் பனிக்குள் கிடந்தன. எது சாலை, எது ஏரி என்று எனக்குத் தெரியவில்லை. ரிக்‌ஷா மிதந்து போவதாகவே தோன்றியது. இந்த வழியே வந்துதானே விஜயா தினமும் ஆசிரியர் அறையில் என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தாள் என்று நினைத்துக்கொண்டேன்.

எட்டரை மணிக்குப் பந்தல். விஜயாவின் பெரியப்பா வாசலில் நின்று, வருகிறவர்களுக்குச் சந்தனம் கொடுத்து, பரிசுகளை வாங்கி வைத்துக்கொண்டிருந்தார். "வாங்கம்மா, வாங்க" என்று என் ஜிகினாப் பொட்டலத்தையும் வாங்கி, பின்னாலிருந்த குவியலில் சேர்த்துவிட்டார். கிடாரைப் பந்தல்காலில் இடிக்காமல் கொண்டுபோகிற கவலையில் எனக்கு அது உறைக்கவே இல்லை.

தாலி கட்டி முடிந்ததும் மைக்செட்காரர் ஒயரைச் செருகித் தந்தார். கிடாரை மடியில் வைத்த பிறகுதான் கம்பி பரிசுக் குவியலுக்குப் போய்விட்டது உறைத்தது. பெரியப்பாவிடம் ஓடினேன்.

"குடுத்த பிரசன்ட்டைத் திருப்பிக் கேப்பாங்களாம்மா? நல்ல நாளும் அதுவுமா!" என்றார். குவியலைப் பார்த்தேன். அத்தனையும் ஜிகினாத் தாள்.

விஜயாவின் காதில் விஷயத்தைச் சொல்லி, "சும்மாவே வாசிச்சிடறேன்டி" என்றேன்.

"நடுங்காம என்னடி பாட்டு?"

மாலையும் கழுத்துமாக இறங்கி வந்து, குவியலருகே சம்மணமிட்டு உட்கார்ந்து, பரிசுகளைப் பிரிக்க ஆரம்பித்தாள். டம்ளர்கள், குங்குமச்சிமிழ், சுவர்க்கடிகாரம், குத்துவிளக்கு. மாமியார் வாய்மேல் கை வைத்து நின்றார். அதுவரை அவளோடு ஒரு வார்த்தை பேசியிராத மாப்பிள்ளை பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "எவ்ளோ நீளம் இருக்கும்?" என்று கேட்டு, தானும் ஒன்றைப் பிரித்தார். எனக்கு அவரை அப்போதே பிடித்துவிட்டது.

அவர் கையில்தான் கம்பி கிடைத்தது. திருகினேன், வாசித்தேன். புனல் ஸ்பீக்கரிலிருந்து அந்தச் சத்தம் நடுங்கிக்கொண்டே ஏரிப் பக்கம் போனது. விஜயா கண்ணை மூடிக் கேட்டாள்.

புறப்படும்போது கம்பியைக் கழற்றினேன். அவள் கையை நீட்டினாள்.

"எனக்கு வந்த பிரசன்ட்தானே? குடு."

"ஜாம்ஷெட்பூர்ல இதை வெச்சு என்னடி பண்ணுவே?"

"சும்மா வெச்சிருப்பேன்."

கொடுத்துவிட்டேன்.

திரும்பும் ரயிலில் நல்ல கூட்டம். கிடார் யார் புடவையிலும் மாட்டாமல் என் தோளோடு ஒடுங்கி நின்றது. யாராவது ஒருத்தி திட்டமாட்டாளா என்றிருந்தது எனக்கு.